பெயர் சொல்லிக் கூப்பிடாத பூங்கா

வேலணைத் தீவில், கடற்பக்கம் திரும்பும் ஒழுங்கை ஒன்றின் முடிவில் ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. பின்னேரத்தில் அங்கே போய் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். கை தட்டுவாள். "சிவப்புச் சேட்டு, இறங்கு காணும்!" என்பாள். "மூக்கு வடியிற ஆள், இஞ்சை வாரும்" என்பாள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருத்தி, ஊஞ்சலில் ஆடிய மகளைப் பார்த்து "தாரி..." என்று வாயெடுத்தபோது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண் பாய்ந்து அவளுடைய வாயைப் பொத்திவிட்டாள். "குறை நினையாதேங்கோ. இஞ்சை பேர் சொல்லக்கூடாது" என்றாளாம். வந்தவளுக்குக் கோபம். யாருக்குத்தான் வராது? ஆனால் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டு மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முன்பு அந்த இடத்துக்குப் பெரியவளவு என்று பெயர். குருநாகலில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வீடு அங்கே இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க ஆள் நிறைந்த வீடு. சண்டைக் காலத்தில் தீவே காலியானபோது அவர்களும் போனார்கள், வீடு விழுந்தது, கூரையில் ஆல் முளைத்தது. பிறகு வெளிநாட்டில் இருந்த வாரிசுகள் காணியை ஊருக்கு எழுதிக் கொடுக்க, பிரதேச சபை ஊஞ்சலும் சீசோவும் சறுக்கும் பலகையும் போட்டு, பழைய கிணற்றுக்குக் கம்பிவலை மூடி, கேற்றுக்கு நீலப் பெயின்ற் அடித்துத் திறந்து வைத்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அஜந்தா தன் மகனைக் கூப்பிடும்வரைக்கும்.

அஜந்தாவின் தம்பி நிமலன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். உடம்புகூடக் கரைக்கு வரவில்லை. அவன் நினைவாக அவள் தன் மகனுக்கும் நிமலன் என்றே பெயர் வைத்திருந்தாள். அன்றைக்கு வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "நிமலன், காணும் விளையாடினது. வா, வீட்டை போவம்" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஓம் அக்கா" என்று கிணற்றடியிலிருந்து பதில் வந்தது.

ஆம்பிளைக் குரல். சாவகாசமான குரல், ஏதோ வேலையைப் பாதியில் விட்டு நிமிர்ந்தவனுடையது. மகன் நிமலன் அதற்குள் ஓடி வந்து அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன்தான் கேட்டான்: "அம்மா, ஆர் அது?"

அஜந்தா பேயறைந்தவளாகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளுடைய கழன்ற செருப்பு மூன்று நாளாக அங்கேயே கிடந்தது, எடுக்க ஆளில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கதை பரவியது. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அரியநாயகம், "விசர்க் கதை கதையாதேங்கோ, நான் போய்ப் பாக்கிறன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். இலண்டனில் இருக்கும், முகம் பார்த்துக் கதைக்காத தமையனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றும் இல்லை. "கிழவன் இன்னும் சாகேல்லைப் போலை" என்று கொஞ்சம் மனவருத்தத்தோடு சொல்லிக்கொண்டார். அடுத்ததாகத் தகப்பனுடைய பெயரைச் சொன்னார். "ஓம்" என்று வந்தது, சறுக்கும் பலகைக்குப் பின்னாலிருந்து. சினந்த, சுருக்கமான "ஓம்". உயிரோடு இருந்தபோதும் அந்த மனிசன் அப்படித்தான். அரியநாயகம் கடைக்குத் திரும்பி வந்து, பிளேன்ரீயைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு அழுதார்.

அதன் பிறகு இரண்டு விஷயம் ஊருக்கு விளங்கியது. செத்தவர்கள்தான் பதில் சொல்வார்கள். அதுவும் உரித்துடையவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான். மற்றவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் நடக்காது. ஏன் அந்த வளவில் மட்டும் இப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததாகச் சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

பூங்காவைக் கூட்டித் துப்புரவாக்கிக் கேற்றைத் திறந்து பூட்ட ஆள் தேடியபோது ஒருவரும் வரவில்லை. வந்தவள் சறோஜினிதேவி ஒருத்திதான். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி, தலையில் நரை. ஐம்பதைக் கடந்தவள், ஒரு பெண்பிள்ளையின் தாய். "உமக்குப் பயமில்லையோ பிள்ளை?" என்று அரியநாயகம் கேட்டார். "உயிரோடை இருக்கிறவையிலை இல்லாத பயமோ, அரியமண்ணை?" என்றாள். ஊர் அவளைத் துணிந்த கட்டை என்றது. துணிவு ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்த இடத்தில் ஒரு தேவை இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவளுடைய புருசன் சிவபாதம் காணாமல் போனவர். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, சண்டை திரும்பத் தொடங்கிய நாட்களில், மகளுக்குப் பால்மாப் பெட்டி வாங்கவென்று சைக்கிளில் போனார். "இஞ்சாருங்கோ, வெயிலேற முதல் வந்திடுங்கோ" என்று இவள் படலையடியில் நின்று சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார். சைக்கிளும் வரவில்லை, மாப்பெட்டியும் வரவில்லை. கண்டவர்கள் என்று சிலர் ஒவ்வொரு கதை சொன்னார்கள். ஒரு கதையும் இன்னொன்றோடு ஒட்டவில்லை.

சிவபாதம் பகிடிக்காரர். நேரான கேள்விக்கு நேரான பதில் அவருடைய வாயிலிருந்து வந்ததே கிடையாது. அவருக்கு ஒரே ஒரு குறை. கலியாணம் செய்த நாளிலிருந்து பெண்சாதி ஒரு தடவையாவது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் காலத்து ஆம்பிளையில் இப்படி ஒரு ஆசை! தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் கேட்பார், சாப்பிட்டுக் கை கழுவும்போதும் கேட்பார்.

"என்ரை பேர் தெரியுமோ உமக்கு?"

"தெரியும்."

"அப்ப சொல்லுமன் பாப்பம். ஒருக்காச் சொன்னா வாய் வெந்து போகாது."

"போங்கோ அங்காலை. செத்தாலும் சொல்லமாட்டன்."

சொல்லவில்லை. அவளுடைய தாய் சொன்னதில்லை, மாமி சொன்னதில்லை. புருசனைப் பெயர் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். கோயிலில்கூட அவளுக்குச் "சிவசிவா" வாயில் வராது, "ஆண்டவனே" என்றுதான் கும்பிடுவாள். "இஞ்சாருங்கோ" என்பதுதான் அவருக்கு அவள் வைத்த பெயர். அவர் காணாமல் போன பிறகு எத்தனையோ விசாரணைகளுக்குப் போனாள். பெயர் என்னவென்று கேட்பார்கள். அடையாள அட்டையின் பிரதியை நீட்டுவாள். எழுதுகிறவர் "சிவபாதமோ?" என்பார். "அவர்தான்" என்பாள். அவ்வளவுதான்.

நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் முதல் நாளே ஒரு கை பார்த்திருப்போம். அவளோ வருடக் கணக்காக விளக்குமாற்றோடு அந்த வளவில் நின்றாள், கூப்பிடவில்லை. பெயர் வாயில் வராதது ஒரு பாதிதான். மற்றப் பாதி பயம். பதில் வந்துவிட்டால்? அந்தப் பொட்டை வைத்துக்கொண்டு எங்கே போவது? கூப்பிடாத வரைக்கும் அவர் எங்கோ ஒரு மறியலில், கம்பிக்குப் பின்னால், தாடியோடு, இவளைப் பற்றி யாருக்கோ பகிடி சொல்லிக்கொண்டு இருக்கிறார். அதை அவளாகக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

ஆனால் வளவுக்கு அவள் வந்த காரணம் தெரியும் போலிருந்தது. மத்தியானத்தில், ஒழுங்கையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், அவள் பூவரசஞ் சருகைக் கூட்டிக் குவிப்பாள். ஊஞ்சல் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அவள் செருமினால் போதும், ஊஞ்சல் நின்றுவிடும். காற்று நிற்காது, பூவரசு அசையும், பனையோலை உரசும், ஊஞ்சல் மட்டும் நிற்கும். யாரோ காலை ஊன்றி, என்ன சொல்லப் போகிறாள் என்று பார்ப்பதாக அவளுக்குப் படும். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கூட்டுவாள். கொஞ்ச நேரத்தில் ஊஞ்சல் திரும்பவும் ஆடத் தொடங்கும், மெதுவாக, மனமில்லாமல்.

இப்படியே போயிருக்கும். மகள் லக்சிகாவுக்குக் கலியாணம் பொருந்தி வந்ததுதான் எல்லாவற்றையும் குழப்பியது.

லக்சிகா யாழ்ப்பாணத்தில் ஒரு பார்மசியில் வேலை. மாப்பிள்ளை சயந்தன் அனலைதீவுப் பெடியன், நல்ல குடும்பம். லக்சிகா அவனை "டேய் சயந்தன்" என்று போனில் கூப்பிடும்போதெல்லாம் சறோஜினிதேவி காதைப் பொத்திக்கொள்வாள். "ஆயுள் குறையுமடி! கொப்பரை நான் ஒருநாளாவது பேர் சொன்னனானோ?" என்பாள். "அப்ப அவனும் என்னை லக்சிகா எண்டுதானே கூப்பிடுறான், என்ரை ஆயுள் என்ன ரப்பரோ?" என்று மகள் கேட்பாள்.

கலியாணக் காட் அடிக்கக் கொடுக்கும் நேரம் வந்தது. சயந்தனின் தாய் ஞானசவுந்தரி, தங்கமான மனுசி, ஒரு காலைநேரம் வந்து கதிரையில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு கேட்டாள்.

"சம்மந்தியம்மா, குறை நினையாதேங்கோ. காட்டிலை அண்ணையின்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறது? திரு எண்டோ... அமரர் எண்டோ?"

சறோஜினிதேவி அவள் குடித்து வைத்த செம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு எதெண்டாலும் ஒண்டுதான். அச்சடிக்கிற பெடியன் கேக்கிறான். நாளைக்குச் சொன்னாலும் காணும்."

நான்கு எழுத்துச் சொல். ஆனால் சறோஜினிதேவிக்கு அது மெல்லவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. அமரர் என்று போட்டு அவர் உயிரோடு இருந்தால், கட்டின பெண்சாதியே புருசனைக் கொன்றதாகும். திரு என்று போட்டு அவர் செத்திருந்தால், அது இன்னும் மோசம். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. திவசம் இல்லை, ஒரு பிடி சோறு படைக்கவில்லை, ஒரு வாய் தண்ணீர் வார்க்கவில்லை. பசியோடு எங்கே அலைகிறாரோ? இருபது வருடமாக ஒரு மனுசனைப் பட்டினி போட்டுவிட்டு, பொட்டும் பூவுமாக மணவறையில் போய் நிற்பதா?

பின்னேரம் லக்சிகா போன் எடுத்தாள். "அம்மா, நீங்க என்ன சொல்லுறியளோ அதைப் போடுவம். ஆனா ஒண்டு. திரு எண்டு போட்டா, மணவறையிலை என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்க ஆர் வரப்போகினம்? வாசலைப் பாத்துக்கொண்டே நான் இருக்கோணுமோ?" சொல்லிவிட்டு அழுதாள். சின்ன வயதிலும் அவள் அப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்தான்.

அடுத்த நாள் காலையில் சறோஜினிதேவி குசினியில் நின்று பழகிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு "சி..." என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தாள். "சிவ..." என்றாள். அதற்கு மேல் ஒரு எழுத்து நகரவில்லை. தேங்காய் துருவிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள், பாத்திரம் கழுவிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். கிளி கூடச் சொல்லும், இவளால் ஏலவில்லை. கோபத்தில் அகப்பையைத் தூக்கி எறிந்தாள்.

உச்சிவெயிலில் பூங்காவுக்குப் போனாள். கேற்றை உட்புறமாகப் பூட்டினாள். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பூவரசின் கீழே போய் நின்று தொண்டையைச் செருமினாள். ஊஞ்சல் நின்றது. சீசோவின் உயர்ந்திருந்த பக்கம் மெல்லக் கீழே இறங்கி மண்ணைத் தொட்டது, யாரோ உட்கார்ந்து கேட்கத் தயாரானதாக.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, பலமெல்லாம் சேர்த்து, வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. முப்பது வருடப் பழக்கம்தான் வந்தது.

"இஞ்சாருங்கோ!"

வந்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது.

"ஓம்" என்றது கிணற்றடி.

அவள் கிணற்றடிப் பக்கம் திரும்பினாள். அவரோ? இல்லை, இது தடித்த குரல். அதற்குள் வேலிப் பக்கமிருந்து இன்னொரு "ஓம்". சறுக்கும் பலகைக்குக் கீழேயிருந்து ஒன்று. ஊஞ்சலிலிருந்து ஒன்று, இளம் குரல், புதுமாப்பிள்ளையின் வெட்கத்தோடு. ஒருவர் முதலில் இருமிவிட்டு "ஓம்" என்றார். அது பக்கத்து வீட்டுச் செல்லாச்சியின் புருசன், ஈழைக்காரர், இருமாமல் அவர் பதில் சொன்னதே இல்லை. வேலிக்கு அப்பாலிருந்தும் வந்தது. கடற்கரையிலிருந்து வந்தது. கடலுக்குள்ளிருந்து, நெடுந்தூரத்திலிருந்து, ஈரமான, களைத்த "ஓம்"கள் வந்துகொண்டே இருந்தன.

அந்த ஊரில் எந்தப் பெண்சாதி புருசனைப் பெயர் சொன்னாள்? ஒருத்தியும் இல்லை. எல்லோருக்கும் இஞ்சாருங்கோதான். பெயர் சொல்ல வாய் வராத காரணத்தால் ஊர் விதவைகள் ஒருவரும் இந்த வளவுக்கு வந்து தங்கள் புருசனைக் கூப்பிடவில்லை. தாய் கூப்பிட்டாள், அக்கா கூப்பிட்டாள், மகன் கூப்பிட்டான். பெண்சாதி மட்டும் கூப்பிடவில்லை. இவ்வளவு காலமும் காத்துக்கொண்டிருந்தவர்கள், இன்றைக்குத் தன்னுடையவள் வந்துவிட்டாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள். ஒவ்வொரு குரலிலும் அந்தச் சந்தோசம் இருந்தது. சறோஜினிதேவிக்குப் பயத்தை விட அதுதான் தாங்க முடியவில்லை.

மணல் நெரிந்தது. ஒரு காலடி இல்லை, பல காலடிகள். கிணற்றடியிலிருந்தும் வேலியடியிலிருந்தும் மெதுவாக, அவள் நின்ற இடத்தை நோக்கி. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, பூவரசுக்குக் கீழே மட்டும் மாரிகாலத்துக் குளிர் வந்து சேர்ந்தது. சுற்றிவர நெருங்கி நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருவரையும் காணவில்லை. வியர்வையும் சுருட்டும் உப்புத் தண்ணீரும் மணத்தது. "என்னப்பா?" என்றது ஒன்று. "சொல்லுமன்" என்றது இன்னொன்று.

"உங்களை இல்லை!" என்று கத்தினாள். "ஐயோ, உங்களை இல்லை, நான் உங்கடையாள் இல்லை, போங்கோ!"

போகவில்லை. காத்து நின்றார்கள். ஏன் போவார்கள்? அவரவருக்கு அந்த ஒரு சொல்தானே அடையாளம். இந்தக் கூட்டத்தைப் பிரிக்க அவளிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. இவ்வளவு காலமும் நாக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்த அது, அழுகையோடு சேர்ந்து வெளியே வந்து விழுந்தது.

"சிவபாதம்!"

வளவு அடங்கியது. குளிர் விலகியது. நெருங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போகும் சத்தம் மணலில் கேட்டது. செல்லாச்சியின் புருசன் போகிற போக்கில் இருமினார். வேலியடியில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு ஒன்றுமில்லை. ஊஞ்சல் அசையாமல் தொங்கியது.

அவள் காது இரண்டையும் தீட்டிக்கொண்டு நின்றாள். "ஓம்" வரவில்லை. நிழல் காலடியிலிருந்து நகர்ந்தது, அப்போதும் வரவில்லை. வராதபோது அவளுடைய வயிற்றுக்குள் ஒரு சந்தோசம் மெல்ல எழும்பியது. இல்லை! இங்கே இல்லை! எங்கோ இருக்கிறார், உயிரோடு இருக்கிறார், மறியலில் இருக்கிறார், தாடியோடு இருக்கிறார்! திரு என்றே போடலாம். அவள் முகத்தைத் துடைத்தாள், குலைந்த கொண்டையை முடிந்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டு கேற்றடிக்கு வந்து, திறப்பைப் பூட்டில் நுழைத்தாள்.

காதுக்குப் பக்கத்தில், மிகக் கிட்ட, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு குரல் சொன்னது:

"பாத்தீரே... வாய் வெந்து போகேல்லைத்தானே?"

திறப்பு கையிலிருந்து விழுந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். கேற்றின் நீலக் கம்பிகளைப் பிடித்தபடி மண்ணில் குந்திக்கொண்டு, பிள்ளைப்பெறுவில் அழுததற்குப் பிறகு ஒருநாளும் அழாத அழுகை அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரு தடவை சிரித்தும் விட்டாள். சரியான மனுசன்! செத்த பிறகும் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பூங்காவைப் பூட்டிவிட்டு ஒழுங்கையில் நடந்து வரும்போது மடியில் போன் அடித்தது. லக்சிகா.

"அம்மா, அச்சகத்திலை கேக்கினம். என்ன முடிவு?"

"அமரர் எண்டு போடு மோனை. கலியாணத்துக்கு முதல் கீரிமலைக்கு ஒருக்காப் போகோணும், அந்தியேட்டிக்கு ஐயரைக் கேளு."

மிகச் சின்னக் குரலில் மகள் கேட்டாள்: "அம்மா... ஆர் உங்களுக்குச் சொன்னது?"

சறோஜினிதேவி நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் தானே துடைத்தாள்.

"கொப்பர்தான்" என்றாள்.